காலைச் சைக்கிளும் ஐந்தாவது தோசையும்

வேலை மாற்றலில் திருப்பதிக்குப் பக்கத்திலுள்ள திருச்சானூருக்கு வந்து சைக்கிள் மிதிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு எடை கூடியது. ஊரெல்லாம் இளைப்பதற்குச் செய்யும் காரியம் என்னை மட்டும் ஊத வைத்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, அடுத்த சோதனையில் இறங்காவிட்டால் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கும்பகோணத்திலிருந்து என் மனைவி மல்லிகா வீடியோவில் அழைத்து, முகத்தை விட்டுவிட்டுத் தொப்பையைக் காட்டச் சொல்வாள்.

விடியற்காலையில் வயல் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு, பசியில் கண் இருட்ட, லட்சுமம்மாவின் தள்ளுவண்டிக் கடையில் வந்து இறங்குவேன். அவருக்குத் தமிழ் வராது. எனக்குத் தெலுங்கு அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. இரண்டு காரத் தோசை முடிந்ததும், தட்டைத் திருப்பிக் கொடுக்க நீட்டியபடி, நான் கற்ற தெலுங்கில் "சாலா, சாலா!" என்பேன். அவர் முகம் மலர்ந்து இன்னொன்றைப் போடுவார். எங்கள் வீட்டில் போதும் என்றால் அம்மா இன்னொரு கரண்டி வைப்பார். அதனால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. இங்கேயும் அன்பு இப்படித்தான் போலும் என்று நெகிழ்ந்து, ஐந்தாவது வரை சாப்பிட்டேன்.

ஒருநாள் அலுவலக நண்பர் சாலமன் என்னோடு வந்தார். சித்தூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்; ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பவர். நான் தட்டை நீட்டியதைப் பார்த்ததும் அவருக்குப் புரையேறிவிட்டது.

"இன்னா சார் நீங்க! போதும்னா சாலு. சாலான்னா நெறைய. தட்டை நீட்டிக்கினு நெறைய, நெறையன்னா அந்தம்மா இன்னா பண்ணும்?"

அவர் விஷயத்தைச் சொல்ல, லட்சுமம்மா விழுந்து விழுந்து சிரித்தபடி தெலுங்கில் ஏதோ சொன்னார்.

"பாவம், ஊர்ல சோத்தையே பாக்காத மனுசன்னு நெனச்சிக்கினு இருந்துச்சாம்" என்றார் சாலமன்.

சரியான சொல்லைக் கற்றும் பயனில்லை. நாலாவது தோசைக்கு முன்னால் அது வாயில் வரவே மறுத்தது.

"காலையில வெறும் வயித்துல மிதிச்சா பசி தொரத்தும் சார். சாயங்காலம் போங்க, வந்து கொஞ்சமா துன்னுட்டுப் படுங்க" என்றார் சாலமன்.

மாலையில் மிதித்துத் திரும்பினால், வியர்வை அடங்கும்வரை சாப்பாட்டு நினைப்பே வரவில்லை. அதன் பிறகும் இரண்டு சப்பாத்தியில் வயிறு அடங்கியது. என் உடம்பு வாகு அப்படியோ என்னவோ. மாலையில் லட்சுமம்மா கடை போடுவதில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். சாலமன் அதை ஒப்புக்கொள்வதில்லை. எப்படியோ எடை குறைந்தது, சர்க்கரையும் இறங்கியது. மாத்திரைக்குத் தப்பினேன்.

விடுமுறையில் கும்பகோணம் போனபோதும் மாலைச் சுற்றை விடவில்லை. மைத்துனனின் சைக்கிளில் எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். பிரேக் பிடிக்கவில்லை, நடுவே ஒரு பெரியவர். பதற்றத்தில் என் வாயிலிருந்து வந்தது: "ஜருகண்டி, ஜருகண்டி!"

அவர் திருமலைச் சந்நிதியில் நிற்பவர்போலச் சட்டென்று ஒதுங்கிக் கைகூப்பிவிட்டார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார்.

அவர் ஒதுங்கி நின்றிருந்தது எங்கள் வீட்டு வாசற்படியில்.