வலி குறையக் கூடாது

சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் ஏழு வருடமாகச் சேலை மடிக்கிறாள் அஜிதா. நாற்பது சேலையைக் கலைத்துப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களைக்கூட அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல பொறுமைசாலி என்று முதலாளி மெச்சிக்கொள்வார். பொறுமையாவது ஒன்றாவது! இரண்டு வருடமாக அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் பிரசவத்தில் இடுப்புவலி கண்டதும், தென்காசியிலிருந்து வந்திருந்த அம்மா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குடித்தபின் வலி கூடினால் பிள்ளைவலி, குறைந்தால் வெறும் சூட்டுவலி என்பது அவர்கள் ஊர்க் கணக்கு. குறைந்தது. அஜிதா நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குழந்தைக்குத் துடிப்பு இல்லை. கஷாயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார் டாக்டர். அவள் தலையாட்டினாள். ஆனால் நம்பவில்லை.

இப்போது இரண்டாவது பிரசவம். பிசியோதெரபிஸ்ட் ஜானவி, கோட்டைப் பக்கத்து அக்ரகாரத்துப் பெண், மலையாளம் கலந்த பேச்சு, அவள் முதுகில் நாலு பட்டைகளை ஒட்டி, அவற்றோடு ஒயரில் இணைந்த ஒரு சின்னப் பெட்டியைக் கையில் கொடுத்தாள்.

"அக்கா, வலி வரச்சே இந்த பட்டனை அமுக்குங்கோ. லேசா கரண்ட் போய் வலியை மட்டுப்படுத்தும். பேபிக்கு ஒண்ணும் ஆகாது, கேட்டோ."

இதற்கும் தலையாட்டினாள். மூன்று மணி நேரமாகியும் அமுக்கவில்லை. உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கசிந்திருந்தது.

"ஏன்க்கா அமுக்கலை?"

"வலி கொறைஞ்சா பிள்ளை போயிரும்."

அழுகையில்லை, கோபமில்லை, சேலைக்கு விலை சொல்வதுபோலச் சொன்னாள். ஜானவி நர்ஸிடம் சொல்லி, துடிப்பு பார்க்கும் கருவியை வயிற்றில் வைத்துச் சத்தத்தைக் கூட்டச் சொன்னாள். டக்டக்கென்று அறை முழுக்கக் கேட்டது.

"இதைக் கேட்டுண்டே அமுக்குங்கோ. நின்னா உடனே விட்டுடலாம்."

அடுத்த வலியில் அஜிதா அமுக்கினாள். முதுகு குறுகுறுத்தது, வலி கொஞ்சம் பின்வாங்கியது. துடிப்பு நிற்கவில்லை. மறுபடி அமுக்கினாள். அப்போதும் நிற்கவில்லை.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. அழுகிற அழுகையில் நர்ஸ் சிரித்துவிட்டாள். குழந்தையை எடுத்து அஜிதாவின் நெஞ்சில் போட்டார்கள். ஜானவி பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்தாள்.

"பாத்தேளா, வலி குறைஞ்சும் ஒண்ணும் ஆகலை!"

அஜிதா குழந்தையைப் பார்க்கவில்லை. ஜானவியைத்தான் பார்த்தாள்.

"அப்போ மூத்தவன் எதுக்குப் போனான்?"