பூங்காவனத்துக்குப் பேர் கொடுத்தவன்

நம்பாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். வண்டி இதற்கு மேல் எங்கேயும் நிற்காது.

இது நடந்தது. போன ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இன்னும் சனங்கள் குடியிருக்கிறார்கள். ராத்திரியில் அவர்களும் தூங்க வேண்டாமா?

நடந்தது தினுஷனுக்கு. ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். பதினாறு வயதில், பதுளை பஜாரில் ஒரு பழைய கிட்டாரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அன்றிலிருந்து உருப்படவில்லை. இருபது வருஷத்துச் சாதனை என்று பார்த்தால், ப்ளூஸ் ராக் வாசிக்கும் ஒரு பேண்ட். பாடகன் கனடாவுக்குப் போனான். பேஸ் வாசித்தவன் கட்டாருக்குப் போனான். மிஞ்சியது இவனும் டிரம்ஸ்காரன் ஸரூக்கும். வெள்ளிக்கிழமைகளில் எல்ல என்ற ஊரில், சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாசிப்பான். பாட்டு உச்சத்துக்குப் போகும் நேரத்தில் ஒருவர் எழுந்து வந்து, ஒன்பது வளைவுப் பாலத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்பார்.

அவன் சொத்து ஒரு ஜப்பான் கிட்டார், காலால் மிதிக்கும் இரண்டு பெடல், முப்பது கிலோவில் வால்வு போட்ட ஓர் ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி. அந்த ஆம்ப்தான் உயிர். வால்வு சூடேறினால்தான் அதன் தொண்டை திறக்கும். சத்தமாக வைத்தால்தான் அழும். சத்தமாக வைத்தால் பக்கத்து வீட்டுக்காரரும் அழுவார்.

அப்படி இருக்கும்போதுதான் கொழும்பில் ஒரு பெரிய பேண்டுக்குக் கிட்டார்காரன் தேவைப்பட்டான். பாடவும் தெரிந்தவன். ஐந்து நாட்டுப் பயணம். ஒரே நிபந்தனை. ஒரு பாட்டு, ஒரே மூச்சில், வெட்டு ஒட்டு இல்லாத பதிவு. ஞாயிறு மாலை ஐந்தரைக்குள் வந்து சேர வேண்டும்.

முப்பத்தாறு வயது. இன்னொரு கதவு திறக்காது என்று தினுஷனுக்குத் தெரியும்.

பதுளையில் ஆம்பைத் திறந்து வாசிக்க இடமில்லை. அதனால் இந்தத் தோட்டம். மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலை, அதன் மேல்மாடி. ஒரு காலத்தில் கொழுந்து வாட்டிய இடம். நூறடி நீளம். ஒரு தந்தியைத் தட்டினால் ஓசை மூன்று நொடி நிற்கும்.

காவல்காரர் அழகர் சாவியைக் கொடுத்தார்.

"பலக உளுத்துப் போயிருக்கும் தம்பி, பாத்து மிதிங்க. நாலரைக்குள்ள எறங்கிருங்க. சாவிய லயத்துல கொண்டாந்து குடுங்க."

"ஏன்ணே, பேய் இருக்கா?"

"பனி இருக்கு."

ஆம்பைப் படியில் தூக்கும்போது ஸரூக்குக்கு மூச்சு முட்டியது. "இதுக்குள்ள மாமியார வச்சிருக்கியா மச்சான்?"

கட்டடத்துக்குப் பின்னால் சின்ன ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். ஸரூக் பதிவுக் கருவியை ஒரு பெட்டிமேல் வைத்தான். பாடுவதற்கு ஒரு மைக்.

3.22. முதல் தடவை.

பாட்டின் நடுவில் ஓர் இடம். கிட்டாரை நிறுத்தி, ஒரே ஒரு தந்தியை மெல்லத் தடவ வேண்டும். ஆம்ப் இரைந்தது. ம்ம்ம்ம்... அந்த வகைக் கிட்டாருக்கு இரைச்சல் கூடப் பிறந்தது. அவன் கவலைப்படவில்லை.

இரைச்சலுக்குள் ஓர் ஆண்குரல்.

"முத்தாயி..."

தினுஷன் நிறுத்தினான்.

"ரேடியோ புடிக்குதுடா," என்றான் ஸரூக். ஆம்புக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஒருமுறை கல்யாண வீட்டில், தாலி கட்டும் நேரத்தில் செய்தி வாசித்திருக்கிறது.

வயரை மாற்றினார்கள். ஆம்பைத் திருப்பி வைத்தார்கள்.

3.41. இரண்டாவது தடவை. அதே இடம்.

"முத்தாயி... கறுப்பையா... பேச்சாயி..."

ஒவ்வொரு பெயருக்கும் பிறகு கொஞ்சம் இடைவெளி. தினுஷனுக்கு அந்த இழுவை தெரியும். லயத்தில் பிறந்தவன் காதுக்கு அது மறக்காது. பெரட்டு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் முன்னால் கங்காணி பெயர் கூப்பிடும் இழுவை.

"மத்தியானம் மூணே முக்காலுக்கு எவன்டா பெரட்டு எடுக்கிறான்?" என்றான்.

ஸரூக் சிரிக்கவில்லை. ஆம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான்... வயரக் கழட்டு."

கழற்றினான்.

"ராமாயி..."

வயர் அவன் கையில் தொங்கியது. குரல் ஆம்பிலிருந்து வந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் இறங்கி ஓடியிருப்பான். தினுஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். 3.58. நாலரைக்குள் ஆம்பையும் இறக்க வேண்டும், பதிவை அனுப்ப சிக்னல் கிடைக்கும் வளைவுக்குப் போக அரைமணி நேரம். இன்னும் ஒரு தடவை வாசிக்க நேரம் இருக்கிறது. ஒரே ஒரு தடவை.

"வாசிக்கிறேன்டா. என்ன வந்தாலும் நிப்பாட்டாத."

4.08. வயரை மறுபடி செருகினான். மூன்றாவது தடவை.

பனி ஏறிவிட்டது. உடைந்த கண்ணாடிகள் வழியாக உள்ளே வந்து, மாடியின் மறுமுனையை மறைத்தது. விரல்கள் தாமாகவே ஓடின. இப்படி அவன் வாசித்ததே இல்லை.

அந்த இடம் வந்தது. ஒரே தந்தி.

"முத்தாயி..."

"இருக்கேங்க..."

பதில்.

ஆம்பிலிருந்து இல்லை. மாடியின் மறுமுனையிலிருந்து. பனிக்குள்ளிருந்து.

"கறுப்பையா..."

"இருக்கேங்க..."

ஸரூக்கின் உதடு அசைந்தது. ஓதிக்கொண்டிருந்தான்.

"பேச்சாயி..." "இருக்கேங்க." "ராமாயி..." "இருக்கேங்க." தினுஷன் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒற்றைத் தந்தியைத் தடவிக்கொண்டே இருந்தான். பெயர்கள் முடிந்தால் பாட்டைத் தொடரலாம். முடிந்துவிடும். எல்லாப் பெரட்டும் முடியும்.

"பூங்காவனம்..."

பதில் இல்லை.

"பூங்காவனம்..."

இல்லை.

"பூங்காவனம்..."

குரல் நகரவில்லை. அதே பெயர். அதே இழுவை. கோபமும் இல்லை. காத்திருக்கிறது...

பாட்டு கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் பத்து நொடியில் செத்துவிடும்.

இங்கேதான் அந்தத் தவறு நடந்தது. லயத்துப் பிள்ளை மட்டுமே செய்யக்கூடிய தவறு. பெரட்டுக்கு ஒருத்தி பிந்திவிட்டால் பக்கத்தில் நிற்பவள் அவளுக்காகக் குரல் கொடுப்பாள். ஸ்பிரிங்வெளியில் அதைப் பேர் கொடுப்பது என்பார்கள். அவன் அம்மாவுக்காக எத்தனையோ பெண்கள் பேர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் பேர் கொடுத்தால் போதும், கங்காணி அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்.

மைக் வாய்க்கு நேரே இருந்தது.

"இருக்காங்க!" என்றான்.

குரல் நின்றது.

இரைச்சலும் நின்றது.

தினுஷன் பாட்டைப் பிடித்துக்கொண்டான். கடைசி இரண்டு நிமிடமும் கிட்டார் அழுதது, இருபது வருஷமாக அவன் கெஞ்சிக் கேட்டும் அழாத மாதிரி. கடைசி ஓசை மாடி முழுக்கச் சுற்றி அடங்கியது. ஸரூக் கருவியை அணைத்தான். சிவப்பு விளக்கு அணைந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

அப்புறம் காலடிச் சத்தம்.

வெறுங்கால்கள். பத்துப் பேர் இருக்கும். பலகை மேல். அவர்களைத் தாண்டிப் படிக்கு.

படியில் இறங்கின.

யாரும் இல்லை.

ஆம்பை இரண்டு பேரும் எப்படி இறக்கினார்கள் என்று இருவருக்குமே நினைவில்லை. பெடல் இரண்டும் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. வேண்டியவர்கள் போய் எடுத்துக்கொள்ளலாம்.

4.46. சாவி கொடுக்க லயத்துக்கு வந்தார்கள். மூன்றாவது காம்பரா வீட்டுக்கு முன்னால் கூட்டம். அழுகை. அழகர் தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாருண்ணே?"

"பூங்காவனம் அக்கா தம்பி. ஒரு நோவு நொடி இல்ல. இப்பத்தான்."

ஸரூக் தினுஷனின் கையைப் பிடித்தான். எலும்பு வலிக்கும்படி பிடித்தான்.

வாசலில் உட்கார்ந்திருந்த மகள் ஜீவராணி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "நாலு பத்து, பன்னண்டு இருக்கும். தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன். யாரோ கூப்புட்ட மாதிரி நிமிந்து பாத்தாங்க. சிரிச்சாங்க. அப்படியே சாஞ்சிட்டாங்க."

அழகர் தினுஷனைச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"பெக்டரிக்குப் பக்கத்துலதான் தம்பி பெரட்டுக்களம். எண்பத்தாறுல ஒரு நா விடிய, பேர் கூப்புட்டுக்கிட்டு இருக்கையில மேல இருந்த கல்லு மதில் சரிஞ்சிருச்சு. பதினொரு பேரு. இந்தக்கா மட்டும் அன்னைக்கி காய்ச்சல்ல படுத்துட்டாங்க. அவங்க பேரக் கூப்புட்டு, பதிலுக்கு நிக்கையிலதான் மதிலு விழுந்துச்சாம்."

"கூப்பிட்டது யாருண்ணே?"

"சடையன் கங்காணி. இவங்க வீட்டுக்காரரு. அந்தப் பதினொரு பேருல அவரும் ஒருத்தரு."

5.19. சிக்னல் கிடைக்கும் வளைவு. போனில் நான்கு கோடும் தெரிந்தன.

பதிவு போனுக்கு ஏறிவிட்டது. ஒரு விரல் அசைவு போதும். ஐந்து நாடு. புதுப் பெடல்கள். பாலத்துக்கு வழி கேட்காத சனங்கள்.

அனுப்பும் முன் ஒரு தடவை கேட்டான்.

கிட்டார் அப்படி இருந்தது. அவனே வாசித்தான் என்று அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த இடம் வந்தது. முத்தாயி இல்லை. கறுப்பையா இல்லை. ஒரு பெயரும் பதிவாகவில்லை. வெறும் இரைச்சல். பிறகு அவன் குரல், தெளிவாக. "இருக்காங்க!"

ஒரு நொடி.

பிறகு, மைக்குக்கு மிகப் பக்கத்தில், படியேறி வந்த மூச்சிரைப்போடு ஒரு பெண்.

"இந்தா... வந்துட்டேங்க."

ஓர் ஆண்.

"ஏன் இம்புட்டு நேரம்?"

தினுஷன் போனை மடியில் வைத்தான். 5.27. 5.28. ஸரூக் அவனைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அனுப்பலையா?"

"இது அவங்க வீட்டு விஷயம்டா."

5.30 ஆனது. 5.31 ஆனது. கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. கரன்ட் போய்விட்டது, பதிவாகவில்லை என்றான். மடுல்சீமையில் அதை யார் வேண்டுமானாலும் நம்புவார்கள். அடுத்த நாள் சாவு வீட்டுக்குப் போய்க் கடைசி வரை நின்றான். எதற்கு இந்த ஆள் இப்படி அழுகிறான் என்று ஜீவராணிக்குப் புரியவில்லை.

பதிவை அவன் அழிக்கவில்லை. அழிக்கக் கை வரவில்லை. யாருக்கும் போட்டும் காட்டுவதில்லை.

பாட்டின் நீளம் நான்கு நிமிடம் நாற்பது நொடி. முடிந்ததும் கருவியை அணைத்தார்கள். விளக்கு அணைந்ததை இருவரும் பார்த்தார்கள்.

பதிவின் நீளம் பதினொரு நிமிடம்.

மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று தினுஷன் கேட்டதில்லை. ஒருவர் பேர் கொடுத்துவிட்டால் கங்காணி அடுத்த பெயருக்குப் போவார்.

அது யாருடையது என்று தெரிந்துகொள்ள அவனுக்கு விருப்பமில்லை.