அப்பா கைகாட்டிய வயல்

எங்களுக்குப் பட்டா கிடைத்த நிலம் ஒரு மணல் திடல். நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதார் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தபோது, வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேடாகப் பார்த்து விட்டுக்கொடுத்தார். அதில் ஒரு துண்டு எங்களுக்கு வந்தது. அந்த மண்ணுக்காக அப்பா கொடி பிடித்திருக்கிறார், போலீஸிடம் அடி வாங்கியிருக்கிறார், ஜெயிலுக்கும் போய் வந்திருக்கிறார். பட்டா வந்த வருஷமே நெல் விதைத்தார். கருகிப்போயிற்று. மறு வருஷம் விதைத்ததும் கருகிப்போயிற்று.

இந்த மண்ணுக்கு நெல் வேண்டாம் என்ற அம்மா பேச்சு பிறகுதான் எடுபட்டது. மாட்டாஸ்பத்திரியில் முயல் மசால் விதை கொடுத்தார்கள். பயறு வகைதான், ஆனால் ஆடு மாடு மேய்வதற்கென்றே போடுவது. மழை ஈரம் மட்டும் இருந்தால் மணலிலும் பிடித்துக்கொள்ளும், விதை உதிர்ந்து தானாகவே மறுபடியும் முளைக்கும் என்றார்கள். அம்மா விதையை வெந்நீரில் போட்டெடுத்து, ஊறவைத்து, ஐப்பசி மழையில் தூவினாள். முதல் வருஷம் அது பயிரா களையா என்று தெரியாமல் தரையோடு கிடந்தது. அடுத்த மழைக்கு முழங்கால் உயரம் எழுந்து, மஞ்சளாகப் பொடிப் பூ விட்டது. எங்கள் ஆடுகள் கொழுத்தன. வீட்டில் அடுப்பு தவறாமல் எரிந்ததும் அதற்குப் பிறகுதான்.

அப்பாவுக்கு அது மானக்கேடாக இருந்தது. டீக்கடையில், “என்னண்ணே, புல்லு அறுப்பு எப்ப?” என்று கேட்டார்களாம். அதற்கப்புறம் அந்தக் கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். எனக்கும் அப்படித்தான். உங்கள் நிலத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவேன்.

அந்தச் சமயத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வேளாங்கண்ணிப் பக்கம், கடைமடை ஊர். மாப்பிள்ளையின் தகப்பனார் வாசலில் பாயில் உட்கார்ந்து, “உங்களுக்கு நெலம் இருக்குன்னு சொன்னாங்க” என்றார். எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மிராசுதார் வயல். கதிர் வாங்கும் பருவம், ஒரே பச்சை. அப்பா கையை நீட்டி, “அந்தா தெரியுதுல்லிங்க, அதான்” என்றார்.

நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. வந்தவர் வயலைப் பார்த்து, “நல்ல பூமி” என்றார். நான் காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுப்படியில் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். “காதுல விழுந்துச்சு. ஒன்னும் பேசாத” என்று மட்டும் சொன்னாள்.

கல்யாணம் நடந்தது. தை மாதம் மாமனார் நீடாமங்கலத்துக்கு ஏதோ வேலையாகப் போனவர், சம்பந்தி வீட்டு அறுப்பையும் பார்த்துவிட்டு வரலாம் என்று எங்கள் ஊரில் இறங்கியிருக்கிறார். நேராக அந்த வயலுக்கே போய்விட்டார். வரப்பில் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்த, மிராசுதாரின் காரியக்காரர், “யாரு வேணும்?” என்று கேட்க, “எங்க சம்பந்தி வயலுங்க இது” என்றிருக்கிறார். அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அந்த அறுப்பில் என் அம்மாவும் இருந்தாள். கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, சேற்றுக் காலோடு வரப்பேறி வந்தாளாம். “வாங்க. இது எங்களுது இல்லிங்க. எங்களுது அங்க இருக்கு, வந்து பாருங்க” என்று திடலுக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். அவர் ஆடுகளைப் பார்த்தார், செடியைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார், விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். மோர் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். இதெல்லாம் அம்மா பிறகு சொல்லித் தெரிந்தது.

அன்று சாயங்காலம் மாமனார் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவும்போது, “ஒங்க அம்மாவ பாத்துட்டு வந்தேம்மா” என்றார். அவ்வளவுதான். அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை. யாராவது ஏசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பதில் சொல்லியிருப்பேன்.

அடுத்த மழைக்கு மாமனார் தென்னந்தோப்பில் அம்மா கொடுத்தனுப்பிய விதையைப் போட்டார். வந்தவர்கள் என்ன செடி என்று கேட்டால், “சம்பந்தியம்மா குடுத்தது” என்பார். அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கோ அந்த அறுப்பு வயலும் சிரித்த பெண்களும்தான் கண்முன் வரும். ஏதோ வேலையிருப்பதுபோல் கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

அப்பா எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. பிள்ளைக்குக் காது குத்தியபோது அம்மா மட்டும் ஒரு கிடாக்குட்டியோடு வந்தாள். மாமனார் ஒரு தடவை அப்பாவை நேரில் அழைக்கப் போனார். அவர் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு அப்பா பின்பக்கமாகப் போய், இருட்டும் வரைக்கும் திரும்பவில்லையாம்.

அதைக் கேள்விப்பட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். அப்பா திடலில் ஆட்டோடு நின்றார். இளைத்திருந்தார்.

“வீட்டுக்கு வாங்கப்பா. மாமா எத்தன தடவ கூப்புடுறாங்க.”

“போலீஸு அடிச்சப்பகூட தல நிமுந்துதான் பாப்பா நின்னேன்” என்றார். “எவன்கிட்டேருந்து நெலத்த வாங்குனமோ, அவன் வயலப் போயி நம்மளுதுன்னு சொல்லிட்டேன்.”

யாரும் ஒன்றும் நினைக்கவில்லை என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். மற்றவர்கள் நினைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் நான் நினைத்தேன். அந்த வாசலில் தட்டோடு நின்ற நிமிஷத்திலிருந்து அவரை நினைத்துக் கூசிக்கொண்டுதான் இருந்தேன், அது அவருக்கும் தெரியும். பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், செடிகளுக்கு நடுவே மெதுவாக நடக்க ஆரம்பித்தார்.