வாயில் அடக்கிய தோடு

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. ஆஸ்பத்திரியில் அம்மா கிடந்ததால், நடுக்கல் ஆடிக்கொண்டிருந்த உடைந்த சிவப்புக்கல் தோட்டை விற்கக் கள்ளக்குறிச்சிக்கு நடந்தேன். வழியில் அரிவாளோடு ஆட்களைக் கண்டதும் தோட்டை வாயில் அடக்கிக்கொண்டேன்.

"எந்த ஊரும்மா? எங்க போய்க்கினு இருக்க?"

ஊரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். வாயைத் திறந்தால் தோடு விழுந்துவிடும். தலையை மட்டும் ஆட்டினேன்.

"பாவம், ஊமை போல. வுடுப்பா."

நகைக்கடையில்தான் தோட்டை வெளியே எடுத்தேன். பாழாய்ப்போன கல்லுக்கு அங்கே விலையே கிடையாது. பெயர்த்துத் திருப்பித் தந்துவிட்டுத் தங்கத்தை மட்டும் நிறுப்பார்கள்.

"நடுக்கல்லு இன்னாம்மா ஆச்சு?" என்றார் கடைக்காரர்.

வழியெல்லாம் தொண்டையில் உறுத்தியதைப் பயம் என்றே நினைத்திருந்தேன்.