மேலுலக நீதிமன்றமும் என் முதுகும்

பிள்ளையாரிடமிருந்து தப்புவதற்கு யூதச் சட்டத்தைத் துணைக்குக் கூப்பிட்டவன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பத்தொன்பது வயதில், பிரான்சுக்கு வரும் வழியில் ஒரு லொறியின் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தபோது, உயிரோடு போய்ச் சேர்ந்தால் முதுகில் செடில் குத்திக் காவடி எடுப்பதாகப் பிள்ளையாருக்கு நேர்ந்துவிட்டேன். சேர்ந்த பிறகுதான் அந்தக் கொக்கிகள் நினைவுக்கு வந்தன. அதற்குப் பின் பாரிசின் லா சப்பலில் பிள்ளையார் தேர் ஓடும்போதெல்லாம் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றேன். தேர் உயரமானது, மேலிருப்பவருக்குக் கடைசி வரிசையும் தெரியும் என்பதை யோசிக்கவில்லை.

மகள் பள்ளி இறுதி பக் பரீட்சையில் கோட்டைவிட்ட வருடம் மனைவி காரணத்தைக் கண்டுபிடித்தாள்: குத்தாத என் முதுகு. இந்த ஆவணியில் குத்தியே ஆகவேண்டும் என்றாள்.

அலுவலகத்தில் எதிர் மேசைக்காரர் யூதர், ஓய்வுக்குக் காத்திருப்பவர். பதினெட்டு வயதுப் பேரனின் அட்டகாசத்தைப் பற்றிப் புலம்பும்போது ஒன்று சொன்னார். அவர்கள் சட்டப்படி ஆண்பிள்ளை பதின்மூன்று வயதில் மனிதரின் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லவேண்டும். மேலுலக நீதிமன்றமோ இருபதுக்கு முன் செய்ததற்குத் தண்டிப்பதில்லை. இதை எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை என்றும் சொன்னார். அந்தப் பகுதியை நான் காதில் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாதகத்தைத் தேடி எடுத்தேன். அகதி விண்ணப்பத்தில் ஏஜென்சிக்காரன் எனக்கு இரண்டு வயது கூட்டிப் போட்டிருந்தான். அந்தக் கடதாசியை மேலே காட்டினால் மாட்டிக்கொள்வேன். சாதகப்படி, நேர்ந்த அன்று இருபதுக்கு நாலு மாதம் பாக்கி.

என் வாதத்தை மனைவி கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

“இஞ்சருங்கோ, நேர்ந்ததுதான் பத்தொன்பதிலை. செய்யாமல் விட்டது இருபதிலையும், முப்பதிலையும், போன வருசமும். அதுக்கு உங்கடை யூத ஐயா என்ன சொல்லுறார்?”

சாதகத்தை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

ஆவணித் தேரன்று முதுகில் நாலு செடில். ஆடினேன் என்று சொல்லமுடியாது, நடந்தேன். மகள் நடைபாதையில் நின்று, நான் யாரென்று தோழிகளிடம் சொல்லாமல் சமாளித்தாள். எதிர்பார்த்த அளவு நோகவுமில்லை. இத்தனை வருடம் பயந்ததற்கு அதுதான் பெரிய அவமானம்.

திங்கட்கிழமை கதிரையில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தவனை எதிர் மேசைக்காரர் விசாரித்தார். முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“தண்டனைக்குத்தான் இருபது. கடவுளுக்குக் கொடுத்த வாக்குக்கு எங்களிடமும் பதின்மூன்று போதும். நீங்கள் கேட்கவேயில்லையே.”