அமுக்காத பட்டன்

வேலையிடத்தில் அவனுக்கு ‘மேகம்’ என்று பட்டப்பெயர் வைத்தது மச்சான்தான். பின்னே? காலையில் கோபுர கிரேனில் ஏறினால் சாயங்காலம்தான் மண்ணை மிதிப்பான். கீழே நின்று வாக்கி டாக்கியில் சிக்னல் கொடுப்பது அந்த மச்சான், மேகத்தின் மனைவிக்குத் தம்பி. உயரம் என்றாலே மச்சானுக்கு உதறல். வீட்டில் பல்பு மாட்டவேண்டும் என்றால்கூட அக்காவை நாற்காலியில் ஏற்றிவிட்டு, தான் கீழே நின்று பிடித்துக்கொள்வான்.

மேகத்துக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. நாற்பதை நெருங்கும்போதுதான் அது தெரியவந்தது. தொடையில் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூபை விட்டு, குட்டிக் குடை மாதிரி ஒன்றை உள்ளே விரித்து அடைத்துவிட்டார்கள். நெஞ்சில் ஒரு கீறல்கூட இல்லை. சட்டையைத் திறந்து காட்டி அவன் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமா!

சில மாதம் போனதும் நெஞ்சு தன் இஷ்டத்துக்கு ஆட ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே படபடக்கும். சில சமயம் கண் இருட்டும். மனைவி பிடித்த பிடியில் டாக்டரம்மாவிடம் போனான்.

“ஓட்டையை அடைச்சாச்சு, சரி. ஆனா இத்தனை வருஷம் கூடுதல் ரத்தத்தைத் தாங்கித் தாங்கி இதயத்தோட மேல் அறை உப்பிப்போயிருக்கு. அடைச்ச பிறகும் சிலருக்குத் துடிப்பு தாறுமாறா ஓடும். வைத்தியம் இருக்கு, பயப்படாதீங்க. மயக்கம் வருதா?”

“சேச்சே, அதெல்லாம் இல்லைங்க.”

பச்சைப் பொய். மயக்கம் என்று வாயைத் திறந்தால் கிரேன் இருக்கை போச்சு. கீழே நின்று சிமெண்ட் மூட்டையைக் காவல் காக்கச் சொல்வார்கள்.

நெஞ்சில் ஒயர் ஒட்டி, ஒரு நாள் முழுக்க இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார்கள். எப்போதும்போல நடமாடவேண்டும், படபடப்பு வந்தால் பட்டனை அமுக்கவேண்டும். நம் ஆளா நடமாடுவான்? லீவு போட்டுவிட்டுக் கட்டிலில் கட்டைபோலக் கிடந்தான். அப்படியும் மத்தியானம் இதயம் எகிறியது. விரல் பட்டன்வரை போனது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை மடக்கிக்கொண்டான்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, ரிசல்ட் பார்க்கும்வரை மேலே ஏறவேண்டாம் என்றார்கள். அவன் நேராக வேலைக்குப் போனான்.

“டாக்டர் என்ன சொன்னாங்க மச்சான்?” என்று கேட்டான் மனைவியின் தம்பி.

“எல்லாம் ஓகேடா. போய் சிக்னலைக் கவனி.”

போனை வழக்கம்போலக் கீழே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு ஏறிவிட்டான்.

மத்தியானம் கம்பிக்கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தான். அதைத் திருப்பி வைக்க மச்சான் கையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தான். அந்த நேரம் பார்த்து நெஞ்சு தறிகெட்டு ஓடியது. கண்ணாடிக்கு வெளியே எல்லாம் மங்கியது. “தள்ளுடா! எல்லாரும் தள்ளுங்க!” என்று வாக்கி டாக்கியில் கத்தியபடி கிரேனைக் காலி இடத்துப் பக்கம் திருப்பி, கம்பியைத் தொப்பென்று இறக்கினான். அதோடு சரி, லீவரிலிருந்து கை நழுவியது.

கண் திறந்தபோது எதிரே மச்சான். அத்தனை உயர ஏணியில், கைகால் வெடவெடக்க, அவன்தான் முதலில் ஏறி வந்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுதான் அவனை இன்னும் குன்றவைத்தது.

“காலையிலிருந்து உங்க போனுக்கு அடிச்சிட்டே இருந்தோம். நீங்க இடுப்பில மாட்டியிருந்த பெட்டி எல்லாத்தையும் பதிவு பண்ணிடுச்சு.”

“நான்தான் பட்டனையே அமுக்கலையே?”

“அமுக்கலேன்னாலும் அது பாட்டுக்குப் பதிவாகும். அந்த நேரம் உங்களுக்கு எப்படி இருந்ததுன்னு நீங்க எங்களுக்குச் சொல்றதுக்குத்தான் பட்டன்.”

மருந்து, வேண்டுமானால் மறுபடியும் டியூப், எல்லாவற்றுக்கும் மேகம் தலையாட்டினான். கிரேன் இனி இல்லை என்றபோதும் தலையாட்டினான்.

டாக்டரம்மா போனபிறகும் மச்சான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

“அவங்ககிட்ட சொல்லலை, சரி. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மச்சான்,” என்றான். “கீழே நின்னது நான்தானே?”