எது சாலு, எது பந்த்

மாமா வாங்கிய மோட்டார் சைக்கிளை முதலில் சந்தேகப்பட்டவள் அம்மா. பட்டாளத்தில் ஓட்டிக் கழித்துவிட்ட வண்டி அது. குர்லாவில் பழைய இரும்புக் குவியலில் கிடந்ததை மாமா துண்டு துண்டாக வாங்கி வந்து, தாராவியில் எங்கள் சந்திலேயே உட்கார்ந்து முழு வண்டியாக்கினார். அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "எத்தன பேரக் கொன்ன வண்டியோ" என்றாள்.

அம்மா அப்படித்தான். பால்காரரையும் எடைக்கல்லையும் சந்தேகப்படுவாள். மழை பெய்தால் அது நின்ற பிறகுதான் பெய்ததென்று ஒப்புக்கொள்வாள். அவளுக்கு மகளாகப் பிறந்துவிட்டு நான் மட்டும் எப்படி இருப்பேன்? ஒன்பது வயதில் எனக்கும் யார்மேலும் நம்பிக்கை கிடையாது, மாமாவைத் தவிர.

மாமா அம்மாவின் தம்பி. விக்ரோலியில் ஒரு பட்டறையில் வேலை. எங்களுக்கு எதிர் அறையில்தான் குடியிருந்தார். அத்தை மராட்டிக்காரி. மாமா தானே பார்த்துத் தானே கட்டிக்கொண்டவள். அந்தச் செய்தி திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊருக்குப் போனபோது, தாத்தா இனி அவன் என் வாசற்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அதற்கு மாமா இங்கிருந்தபடி, "வந்தா சொந்த மோட்டார் சைக்கிள்லதான் வருவேன், பின்னால அவள வச்சுக்கிட்டு வருவேன்" என்று சபதம் போட்டார். இதை எங்கள் சந்து முழுக்க மனப்பாடமாகச் சொல்லும்.

தாத்தா படுக்கையில் விழுந்த பிறகு ஊரிலிருந்து வேலை தேடி வந்த ஒருவர் வழியாகச் செய்தி வந்தது. "அவன வரச் சொல்லு. அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வரட்டும். நான் போறதுக்குள்ள ஒரு தரம் பாத்துக்கிடுதேன்." அம்மா இதையும் நம்பவில்லை. "எங்க அப்பாவா சொன்னாக?" என்று அவரை மூன்று தரம் கேட்டாள்.

அத்தை நம்பினாள். அன்றைக்கே கிங்ஸ் சர்க்கிள் போய், எங்கள் ஊர்ப் பெண்கள் கட்டுகிற மாதிரிப் பச்சைச் சேலை ஒன்று எடுத்து வந்தாள். எங்கள் சந்துத் தமிழ் அவளுக்கு வரும்; மாமனாரைப் பார்த்ததும் ஊர்ப் பேச்சில் என்ன கேட்க வேண்டும் என்று என்னிடம் பாடம் படித்தாள். "மாமா, நல்லா இருக்கியளா?" மராட்டியிலும் 'ள' உண்டு என்பதால் அந்தக் கடைசி எழுத்து எங்களைவிடச் சுத்தமாக அவள் வாயில் வந்தது. பாத்திரம் தேய்க்கும்போதும் நல்லா இருக்கியளா, அரிசி களையும்போதும் நல்லா இருக்கியளா. அம்மா என் காதோடு சொன்னாள்: "எதுக்குட்டி இம்புட்டு ஆசை இவளுக்கு? என்னமோ இருக்கு."

முதல் பயணம் ஒரு திருவிழா மாதிரிப் புறப்பட்டது. தேங்காய் உடைத்து, வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தே கூடி அனுப்பியது. சாத்தாரா தாண்டிச் சங்கிலி அறுந்ததாம். மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், கரும்பாலை ஒன்றில் கிடந்த பழைய சங்கிலியை வெட்டி ஒட்டுப்போட்டாராம். பஞ்சரான டியூபுக்கு அத்தை தன் சேலையைக் கிழித்துத் திணித்தாளாம், பச்சைச் சேலையை இல்லை, கட்டியிருந்ததை. மழையில் நனைந்து, மாட்டுக் கொட்டகையில் ஒதுங்கி, மறுபடி வண்டியைக் கிளப்பி இருவரும் வந்து சேர்ந்தார்கள். ஊருக்கு இல்லை, தாராவிக்கு.

சந்து அந்தக் கதையை வாய் பிளந்து கேட்டது. அம்மா மட்டும் கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாஞ் சரிதாம்லே. சரியாப் போன வண்டி எதுக்குத் தெக்க போகாம வடக்க வந்துச்சு?"

மாமா ஒட்டுச் சங்கிலி நெடுந்தூரம் தாங்காது என்றார். அம்மா அத்தையைப் பார்த்தாள். இவள்தான் பாதியில் அழுது திருப்பியிருக்கிறாள் என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

இரண்டாம் பயணம் பன்வேலில் முடிந்தது. காரணம் ஒன்றும் தெரியவில்லை, ஓடிக்கொண்டே இருந்த வண்டி இருமிவிட்டு நின்றுவிட்டது என்றார் மாமா. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் தாத்தா இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்று சொன்னார்கள்.

"ரயில்ல போயேம்லே" என்றாள் அம்மா.

"ரயில்ல எவன் வேணா போவான்" என்றார் மாமா.

அம்மாவுக்கு இப்போது சந்தேகமே இல்லை. அத்தை வண்டியில் ஏதோ செய்கிறாள். சர்க்கரையைப் பெட்ரோலில் போட்டால் வண்டி நின்றுவிடும் என்று அப்பா வேலை பார்த்த ஹோட்டலில் யாரோ சொன்னார்களாம். அதிலிருந்து அத்தை வீட்டுச் சர்க்கரை டப்பா எவ்வளவு குறைகிறது என்று பார்த்து வருவது என் பொறுப்பாயிற்று. போகும்போதெல்லாம் ஒரு விரல் அளவு நானே குறைத்துவிட்டு வந்ததால், டப்பா குறைந்துகொண்டுதான் இருந்தது. அம்மாவின் சந்தேகம் உறுதியாகிக்கொண்டு போனது.

மூன்றாவது தடவை என்னையும் ஏற்றி அனுப்பினாள் அம்மா. செம்பூரில் இருந்த சித்தி வீட்டில் என்னை இறக்கிவிட்டு அவர்கள் அப்படியே போவது என்று ஏற்பாடு. "அவ கையையே பாத்துக்கிட்டு இரு" என்று எனக்கு ரகசிய உத்தரவு. இந்தத் தடவை தேங்காயும் இல்லை, மாலையும் இல்லை, எலுமிச்சம்பழம் மட்டும்தான். அதையும் சக்கரம் ஏறுமுன் அம்மா எடுத்து ஊறுகாய்க்கு வைத்துக்கொண்டாளோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

நான் முன்னால், பெட்ரோல் டேங்க்கின் மேல். நடுவில் மாமா. பின்னால் பச்சைச் சேலையில் அத்தை. அத்தையின் கையை நான் எப்படிப் பார்ப்பது? திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் கீழே பார்த்துக்கொண்டு வந்தேன்.

என் இடது முழங்காலுக்குக் கீழே டேங்க்கிலிருந்து பெட்ரோல் இறங்கும் சின்னப் பித்தளைக் குழாயும் அதைத் திறந்து மூடும் கைப்பிடியும் இருந்தன. வண்டி துடைக்கும்போது மாமாவே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். "கைப்பிடி நேரா நின்னா சாலு, குறுக்க நின்னா பந்த்." பம்பாயில் விளக்கானாலும் கடையானாலும் எங்களுக்கு எரிந்தாலும் திறந்தாலும் சாலு, அணைந்தாலும் மூடினாலும் பந்த்தான்.

சயான் தாண்டி, செம்பூர் நெருங்கும்போது மாமாவின் தோள் ஒரு பக்கம் இறங்கியது. கை கீழே போயிற்று. கைப்பிடியைக் குறுக்கே திருப்பிவிட்டு மேலே வந்துவிட்டது. வண்டி கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு இருமியது. பிறகு நின்றது.

மாமா இறங்கினார். பிளக்கைக் கழற்றி ஊதினார். ஒயரை இழுத்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி, "மேக்னட்டோ போயிருச்சு, பொறியே வரல" என்றார். கைப்பிடி குறுக்கேதான் நின்றது. நான் அதைப் பார்த்தேன், மாமாவைப் பார்த்தேன். பெரியவர்கள் வண்டி ஓட்டுவதில் ஏதோ சூட்சுமம் இருக்கும் போல என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மூவரும் தாராவிவரை தள்ளிக்கொண்டு வந்தோம். அத்தையின் கொசுவத்தில் சங்கிலிக் கரி ஒட்டிப் பச்சைச் சேலை பாழாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் என் துப்பறியும் அறிக்கையைச் சமர்ப்பித்தேன். "யம்மா, அத்த ஒண்ணுஞ் செய்யல. மாமாதான் குழாய அடைச்சாரு."

அப்பா குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "குழாயா? தண்ணி வந்திருச்சா?"

அம்மா சிரிக்கவில்லை. பிசைந்துகொண்டிருந்த மாவை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். என் வாயைப் பொத்தினாள். கையெல்லாம் மாவு. "சவமே, உளறாத. வெளிய சொன்ன, சூடு வச்சிருவேன்." பிறகு வாசலுக்குப் போய், சந்துக்கே கேட்கும்படி, "அவ ஏறுனா வண்டிக்கே பிடிக்கல, நான் என்னத்தச் சொல்ல" என்றாள். எதிர் வாசலில் அத்தை சேலையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாமா, ஒன்றும் ஆகாத மேக்னட்டோவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு அழுகையாக வந்தது. உள்ளதைச் சொன்னால் சூடு வைப்பார்கள் என்றால் என்னை எதற்கு அனுப்ப வேண்டும்?

மழைக்காலம் முடிவதற்குள் தந்தி வந்தது. தாத்தா போய்விட்டார். அம்மா, அப்பா, மாமா மூவரும் அன்றைக்கே ரயிலேறினார்கள். அத்தையும் பையோடு வாசலில் வந்து நின்றாள். மாமா அவள் முகத்தைப் பார்க்காமல், "நீ இரு. பிள்ளைக்கி ஆள் வேணும்லா" என்றார். அந்த ரயில் சாத்தாராவில் பழுதாகவில்லை, பன்வேலில் இருமவில்லை. நேரே ஊருக்குப் போய்விட்டது.

மறுநாள் அத்தை வண்டிமேல் போர்த்தியிருந்த சாக்கை எடுத்தாள். பக்கத்தில் குந்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "ஏ போரி." அவர்கள் பாஷையில் பெண்ணே என்று அர்த்தம். "இதுல எது சாலு, எது பந்த்?"

என் அறிக்கைக்கு ஒரு ஆள் கிடைத்தது! திருப்பித் திருப்பிக் காட்டினேன். மாமா எப்படித் தோளை இறக்கினார், எப்படிக் கை போனது என்று நடித்தும் காட்டினேன்.

"பன்வேல்லயும் தோள் எறங்குச்சு" என்றாள் அத்தை. "ரோட்டுல ஏதோ கோயில் போல, சாமி கும்பிடுறார்னு நெனச்சேன்."

பிறகு அவளே கைப்பிடியைத் திருப்பினாள். சாலு. பந்த். சாலு. நல்லா இருக்கியளா என்று படித்தாளே, அதே குரல். அத்தை மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுகிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். "ஊருக்கு ஓட்டிட்டுப் போனா என்னையும் டேங்க்ல வச்சுக்கிடணும்" என்றேன். அவள் என் தலையைத் தடவினாள். கைப்பிடியை நேராகவே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

மாமா மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். பட்டறைக்குப் போக வண்டியை எடுக்கும்போது, எப்போதும் செய்வதுபோல் குழாயைத் திறக்கக் கை கீழே போனது. போன கை நின்றது.

"யாரு இதத் தொறந்து வச்சது?"

அத்தை வாசலில் நின்றாள். "நான்தான். எது சாலு, எது பந்த்னு எனக்கும் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள், சத்தம்கூடப் போடவில்லை. மாமா சபாஷ் என்று மெச்சுவார், சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று முந்திக்கொள்ளலாம் என ஓடி வந்தேன். மாமா மெச்சவில்லை. வண்டியைத் திரும்ப நிறுத்திவிட்டு, மொட்டைத் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, சந்தென்றும் பாராமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அத்தை கிட்டே போகவில்லை.

ஒரு குழாயைத் திறந்து வைத்ததற்கு இவ்வளவா என்று எனக்கு மாமாமேல் கோபம் கோபமாக வந்தது.